மெத்தை அக்காவும் நான்காவது குழியும்

கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, விரலை எடுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி பார்க்கிறார். ஹெட்ஃபோனின் காது மெத்தையில் விழுந்த பள்ளம் மெல்ல மெல்ல மேலே எழும்பி வருகிறது. அது எழும்பி முடிப்பதற்குள் மெத்தை அக்கா மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். நாலுக்குள் எழும்பிவிட்டால், "இன்னும் உயிர் இருக்கு." பத்தைத் தாண்டினால், "படுத்துடுச்சு." எழும்பவே இல்லை என்றால் வாயைத் திறக்கமாட்டார், கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்து, அவரையே ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொல்வார். அடுத்தது மூக்கு. மெத்தையை முகர்ந்துவிட்டு, இது எத்தனை வருடத்து வியர்வை, மழையில் நனைந்ததா, வீட்டில் பூனை உண்டா என்றெல்லாம் சொல்வார். பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வார். ஆனால் அந்தத் தோரணையில் மயங்கி, பூனையே வளர்க்காதவர்கள்கூடத் தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மின்சாதனக் கடைகளாகவே அடுக்கிய நாலு மாடிக் கட்டடம் அது. இரண்டாவது மாடியில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருக்கிற கடையில் பாதிதான் அக்காவுடையது. மறுபாதியில் அவருடைய கொழுந்தனார் செல்போன் பழுது பார்க்கிறார். நடுவில் சுவர் கிடையாது, ஒரு நீலக் கோடுதான். அக்காவின் பஞ்சுத் துகள் கோட்டைத் தாண்டிப் போனால் கொழுந்தனாருக்குத் தும்மல். கொழுந்தனாரின் பற்றவைப்புப் புகை இந்தப் பக்கம் வந்தால் அக்காவுக்கு இருமல். எட்டு வருடமாக இரண்டு பேரும் இப்படியே தும்மியும் இருமியும் ஒற்றுமையாகக் கடை நடத்துகிறார்கள்.

அதற்கு முன்னால் பத்து வருடம் அக்கா ஒரு பை தொழிற்சாலையில் உள்துணி தைத்தவர். வளைந்த விளிம்பில் சுருக்கம் விழாமல் தைக்கிற கை அங்கே வந்தது. காது மெத்தை முழுக்க வளைவுதானே. இன்றைக்கும் கடையில் வாங்கி அப்படியே மாட்டுகிற மெத்தைகளை விட, தானே வெட்டித் தைக்கிற மெத்தையில்தான் அவருக்குத் திருப்தி.

வருகிறவர்கள் எல்லாம் மெத்தை என்றால் மெத்தென்று இருக்கத்தான் என்று நினைக்கிறார்கள். அது அவருக்குப் பிடிக்காது. "மெத்தை மாறினா பாட்டே மாறிடும்" என்பார். தோல் மெத்தை காதைச் சுற்றிச் சந்து விடாமல் அடைத்துக்கொள்ளும். தடித்த ஒலியெல்லாம் உள்ளேயே தங்கி, முழக்கம் கூடும், காதும் வியர்க்கும். துணி மெத்தை மூச்சு விடும். காதுக்குக் குளுமை, ஆனால் முழக்கம் நழுவிப் போய்விடும். மெத்தை தடித்தால் ஒலி வருகிற வாய் காதை விட்டுத் தள்ளிப் போகும், கூர்மை குறையும். நைந்துபோனாலோ காது மடல் பிளாஸ்டிக்கில் போய் இடிக்கும். இதனால்தான் அவர் கேட்கிற முதல் கேள்வி, "கண்ணாடி போடுவீங்களா?" கண்ணாடியின் கால் நுழைகிற சந்தில் முழக்கம் ஒழுகிவிடும். போடுகிறேன் என்பவர்களுக்குப் பஞ்சில் அந்த இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுப்பார்.

மாட்டி முடித்ததும் சோதனை. பாட்டு போட்டுக் காட்டமாட்டார். பாட்டு ஆளை ஏமாற்றிவிடுமாம். அவருடைய போனில் இரண்டே இரண்டு ஒலிப்பதிவுகள். ஒன்று சாவிக்கொத்தைக் குலுக்குவது, கூர்மையான ஒலிகளுக்காக. இன்னொன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொழுந்தனார் விட்ட குறட்டை, தடித்த ஒலிகளுக்காக. முதலில் மானம் போகிறதே என்று அவர் சண்டை போட்டார். இப்போது புதிதாக வருகிறவர்களிடம் அது தன் குரல்தான் என்று தானே அறிமுகம் செய்துகொள்கிறார்.

இப்படிப்பட்ட அக்காவிடம்தான் போன மாதம் காதுக்காரர் வந்தார். குடிநீர் வாரியத்தில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தரைக்கு அடியில் போகிற குழாய் எங்கே ஒழுகுகிறது என்று மேலே நின்றபடி கேட்டுச் சொல்வது அவர் வேலை. தட்டு மாதிரி ஒரு கருவியைச் சாலையில் வைப்பார், அதிலிருந்து வருகிற ஒயரை ஹெட்ஃபோனில் மாட்டிக்கொள்வார், அடி அடியாக நகர்வார். பதினெட்டு வருடமாக அவர் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் தோண்டினால் தண்ணீர் இருக்கும். அவருடைய ஹெட்ஃபோன் மெத்தை பொடிப்பொடியாக உதிர்ந்து, கறுப்புத் தூள் காதெல்லாம் அப்பி, மடல் புண்ணாகிப் போயிருந்தது. அதைப் பார்த்து அக்காவுக்கு மனசு தாங்கவில்லை. கடையில் இருந்ததிலேயே தடிமனான, பஞ்சுப்பொதி மாதிரியான தோல் மெத்தையைப் போட்டு, பிளாஸ்டிக் உறுத்தக்கூடாது என்று உள்ளே ஒலி வருகிற இடத்திலும் ஒரு பஞ்சுத் திரை வைத்து அனுப்பினார். மனுஷர் போட்டுப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு சுகம். குறட்டையும் பிரமாதமாகக் கேட்டது.

மூன்று வாரம் கழித்து அவர் மறுபடி வந்தபோது தோளில் கருவிப் பை தொங்கியது, முகம் இருண்டிருந்தது. குறை சொல்ல வரவில்லை, சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார். ஒரே தெருவில் மூன்று இடத்தில் குறி போட்டாராம். மூன்று குழியிலும் காய்ந்த மண். தெருக்காரர்கள் ஏசுகிறார்கள், தோண்டுகிற மேஸ்திரி முகத்துக்கு நேராகவே சிரிக்கிறார். வரும் திங்கட்கிழமை காதுப் பரிசோதனை. அது முடிந்ததும் ஆவணப் பிரிவில் ஒரு நாற்காலியாம். அவருடைய அப்பாவுக்கும் இந்த வயதில்தான் காது மங்கியது என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கடைசியாக, நன்றி சொல்கிற குரலில் ஒன்று சொன்னார்.

"இந்த மூணு வாரத்துல உங்க மெத்தை ஒண்ணுதாம்மா எனக்குச் சுகமா இருந்துச்சு."

அக்கா ஹெட்ஃபோனை வாங்கி மெத்தையைத் திருப்பிப் பார்த்தார். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். மெத்தை மாற்றிய அந்த வாரத்திலிருந்துதான். எப்படிக் கேட்கிறது என்று கேட்டார். லாரி, பஸ் எல்லாம் மண்டைக்குள்ளேயே ஓடுகிறது, கசிவின் சீறல் மட்டும் எங்கேயோ தூரத்தில் போர்வைக்கு அடியில் இருக்கிறது என்றார். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. முழக்கம் கூடி, கூர்மை செத்திருக்கிறது. தடித்த மெத்தை, அடைத்த தோல், மேலே ஒரு பஞ்சுத் திரை. கசிவு முழக்கத்திலா இருக்கும்? அது சாவிக்கொத்து ஜாதி. புண்ணான காதைப் பார்த்த இரக்கத்தில், அன்றைக்கு அக்கா குறட்டையை மட்டும் போட்டுக் காட்டிவிட்டுச் சாவிக்கொத்தை மறந்திருந்தார்.

நீலக் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொழுந்தனாருக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. அவர் கண்ணாலேயே அண்ணிக்கு ஜாடை காட்டினார்: பேசாமல் இருங்கள், மனுஷர் தன் காதைத்தானே குற்றம் சொல்கிறார், போகட்டும். அக்காவுக்கு அந்த ஜாடை புரியாமல் இல்லை. எட்டு வருடத்தில் சேர்த்த பெயர் அது. வாரியத்தின் மூன்று வெட்டிக் குழிகளுக்கு இந்த அரைக் கடைதான் காரணம் என்று கட்டடம் முழுக்கப் பரவினால் யார் படியேறுவார்கள்? ஒரு நிமிடம், நிஜமாகவே ஒரு நிமிடம், அவர் கையில் இருந்த கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"உங்க காதுல ஒண்ணும் இல்லண்ணா. என் மெத்தைதான் தப்பு."

கொழுந்தனார் தலையில் அடித்துக்கொண்டார். காதுக்காரரோ நம்பவே இல்லை. தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்து, பரவாயில்லைம்மா, பரவாயில்லைம்மா என்று எழுந்துவிட்டார். அக்கா அவரைத் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தார்.

அன்றைக்கு மதியம் அக்காவின் பக்கம் வேறு வேலையே நடக்கவில்லை. முதலில் பஞ்சுத் திரையைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய வலைத்துணியை வைத்துப் பார்த்தார். சாவிக்கொத்து கொஞ்சம் பக்கத்தில் வந்தது, போதவில்லை. பிறகு தோலைக் கழற்றி, பாதி தடிமனில் கெட்டியான பஞ்சை வட்டமாக வெட்டினார். அது ஒரு பக்கம் சரிந்து தாடையோரத்தில் இடைவெளி விட்டது. தெருச் சத்தம் உள்ளே வந்துவிடுமே என்று அதையும் தூக்கிப் போட்டார். மூன்றாவதுதான் காதோடு ஒட்டி உட்கார்ந்தது. பார்க்க லட்சணமாக இல்லை. தையல் கொஞ்சம் கோணல். சாவிக்கொத்தைப் போட்டதும் காதுக்காரர் யார் சாவியோ கீழே விழுந்துவிட்டது என்று தரையைப் பார்த்தார்.

அதோடு விடவில்லை அக்கா. பக்கத்துக் கழிப்பறைக்கு அவரைக் கருவியோடு அழைத்துப் போனார். அங்கே ஒரு சுவர் எப்போதும் ஈரமாகவே இருக்கும். கட்டடத்துப் பிளம்பர் இரண்டு முறை பார்த்துவிட்டு அது வெறும் பூஞ்சை என்று சொல்லிப் போயிருந்தார். காதுக்காரர் தட்டைச் சுவரில் வைத்தார். நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். வாசலில் கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். கைகழுவும் தொட்டிக்கு மேலே, ஒரு முழ உயரத்தில் அவர் கை நின்றுவிட்டது. சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது, மூன்று வாரமாகக் கேட்காத சத்தம் என்று சொல்லிவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கொழுந்தனார்கூட.

சுவரை உடைத்துப் பார்க்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்பதால், இது வாரியத்துக்குச் சாட்சியாகப் போதாது. மறுநாள் காலையில் அக்கா கடையின் தன் பாதியைத் துணி போட்டு மூடிவிட்டு, காதுக்காரரோடு வாரிய அலுவலகத்துக்கே போனார். பொறியாளர் அம்மா கறாரானவர். மெத்தைக்கும் குழிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். அக்கா பழைய தடித்த மெத்தையையும் புதியதையும் மேஜையில் வைத்து, இரண்டிலும் மாறி மாறிச் சாவிக்கொத்தைக் கேட்கவைத்தார். தவறு தன்னுடையது, இவருடைய காதின் கணக்கில் எழுதக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். பொறியாளர் அம்மா பிடி கொடுக்கவில்லை. ஆனாலும் பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு குழி தர்றேன். தண்ணி இல்லைன்னா திங்கட்கிழமை பரிசோதனைக்குப் போயிடணும்."

அதே தெரு. மூடிய மூன்று குழிகளும் சாலையில் ஒட்டுத் துணி மாதிரித் தெரிந்தன. மேஸ்திரி கடப்பாரையில் சாய்ந்து நின்றுகொண்டு, இன்றைக்கு எங்கே ஜோசியம் என்று கேட்டார். மாடிகளிலிருந்து தெருக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். காதுக்காரர் தெருக்கோடியிலிருந்து அடி அடியாக வந்தார். ஒரு பஸ் போனது. நின்று, அது போகும்வரை காத்திருந்தார். முதல் குழியைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார். மூன்றாவதையும் தாண்டி ஒரு வீட்டின் வாசல் கேட் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், குனிந்து குறி போட்டார். இந்த முறை சின்னதாக, நாணய அளவுக்குத்தான் போட்டார். சாதாரணமாக அவர் குறி ஒரு தட்டு அகலம் இருக்கும். அவ்வளவு தூரம் பயந்திருந்தார்.

தோண்டத் தொடங்கினார்கள். ஒரு அடி, காய்ந்த மண். இரண்டு அடி, காய்ந்த மண். மேஸ்திரி இப்போது சிரிக்கவில்லை. அதுவே அக்காவுக்கு இன்னும் மோசமாக இருந்தது. காதுக்காரர் குழியைப் பார்க்காமல் எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற துணிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது அடியில் மண்ணின் நிறம் மாறியது. மண்வெட்டி ஒரு தடவை 'சளக்' என்றது. மேஸ்திரி குனிந்து கையை விட்டுப் பார்த்தார், கையைச் சட்டையில் துடைத்தார், பம்பு கொண்டுவாருங்கள் என்று தன் ஆட்களைச் சத்தம் போட்டார். அதற்குள் குழியில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது. மாடியிலிருந்து யாரோ கைதட்டினார்கள். பொறியாளர் அம்மா போனை எடுத்து, திங்கட்கிழமைக்குப் போட்டிருந்த ஒன்றை ரத்து செய்யச் சொல்வது எல்லோர் காதிலும் விழுந்தது.

எல்லோரும் குழியைச் சுற்றி நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தப் பக்கமே போகவில்லை. ஓரமாக நின்று ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டிருந்த காதுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிப் பஞ்சு தன் வேலையைக் காட்டியிருந்தது. காதைச் சுற்றி வட்டமாகச் சிவந்து, மடலில் பழைய புண்ணின் ஓரம் மறுபடி கிளம்பியிருந்தது.

"வலிக்குதாண்ணா?"

"சேச்சே. இல்லவே இல்லம்மா."

அக்கா அதை நம்பவில்லை. பக்கத்தில் போய், அவர் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பி, இடுப்பிலிருந்து அளவு நாடாவை உருவி அவர் காதைச் சுற்றிப் பிடித்தார்.