கடைசி வந்தாச்சு

அந்த ஓட்டக் கூட்டத்தில் இளையவளுக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. எல்லோருக்கும் பின்னால் ஓட வேண்டும், அவளுக்குப் பின்னால் ஒருத்தரும் இருக்கக் கூடாது.

இளையவள் என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்து நாலு முடிந்துவிட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்த வீட்டில் அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் இவள். இரண்டு பேருக்கும் இன்று தாலி கட்டியவன் உயிரோடு இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இளையவளுக்கு வேலை. ஈரப் போர்வைகளைச் சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் வருவதைப் பிடித்து மடிக்க வேண்டும். இருபது வருஷம் நின்ற காலில் நின்றதில் முட்டிவலியும் சர்க்கரையும் சேர்ந்தே வந்தன. "ஓடுங்கம்மா" என்றார் டாக்டர். தனியாக ஓட வெட்கப்பட்டுத்தான் கூட்டத்தில் சேர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தண்ணீர்த்தொட்டி அடியில் இருபது இருபத்திரண்டு பேர் கூடுவார்கள். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஓடினால் மருந்தகத்துக்குப் பின்னால் ஒரு பொதுத் தோட்டம். முன்னே அது குப்பைமேடு. இப்போது தக்காளி, அவரை, கீரை. ஒரு மணி நேரம் களை எடுப்பார்கள், எரு சுமப்பார்கள், பிறகு திரும்பி ஓடுவார்கள். தலைவர் ஒரு பஸ் டிரைவர். வரிசைக்கு முன்னால் அவர், வரிசைக்குப் பின்னால் பச்சை மேற்சட்டை போட்டுக்கொண்டு இளையவள். தோட்டத்து வாசலுக்கு வந்ததும் அவள் "கடைசி வந்தாச்சு" என்பாள். டிரைவர் "போலாம் ரைட்" என்று சொல்லிக் கருவிகள் இருக்கும் கொட்டகையைத் திறப்பார். அதுவரை யார் கைக்கும் மண்வெட்டி கிடைக்காது.

அந்தப் பச்சைச் சட்டையை அவள் மற்ற துணிகளோடு துவைப்பதில்லை. தனியாகத் துவைத்துத் தனியாக உலர்த்துவாள். அதற்குக் காரணம் இருந்தது.

மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று வருஷமும் குளிப்பாட்டியது, புரட்டிப் போட்டது, ஊட்டியது எல்லாம் இளையவள். மூத்தவள் வாரம் ஒரு நாள் வந்து தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். கடைசி நாள் இளையவளுக்கு இரண்டு மணி ஷிப்ட். ஒன்றரைக்குக் கிழவிக்குத் தண்ணீர் கொடுத்து, பக்கத்து வீட்டுக்காரியை வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பக்கத்து வீட்டுக்காரி வந்தது முக்கால் மணி நேரம் கழித்து. அதற்குள் கிழவி போய்விட்டாள். நாத்தனார், நாத்தனாருடைய மாமியார், சித்தப்பா பெரியப்பா வழி அத்தனை சொந்தமும் கூடியிருந்த முற்றத்தில் மூத்தவள் மாரில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "சாகப் போறவள தனியா விட்டுட்டுப் போயிட்டாளே!" அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. வருஷம் ஆறு ஆகிறது. இளையவள் யாரையும் விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை என்பதற்கு அந்தப் பச்சைச் சட்டைதான் சாட்சி.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிறு தண்ணீர்த்தொட்டி அடியில் புத்தம்புது செருப்பும் சாக்ஸுமாக மூத்தவள் வந்து நின்றாள். அவளுக்கும் சர்க்கரை, அவளையும் அதே டாக்டர்தான் அனுப்பியிருக்கிறார். ஒருத்தியை ஒருத்தி பார்த்ததும் இரண்டு முகமும் சுண்டிப் போயின. ஆனால் போகட்டும் என்று எவள் விலகுவாள்? விலகினால் தோற்ற மாதிரி ஆகிவிடுமே.

மூத்தவளுக்கு உடம்பு கனம். ஓட்டம் என்று பெயர், பாதி நடைதான். கூட்டத்திலேயே மெதுவானவள் அவள். கடைசியில் ஓடுகிறவள் மெதுவானவளை விட்டு நகரக் கூடாது. ஆக, பேசாத ஓரகத்திகள் இரண்டு பேரும் வாராவாரம் தோளோடு தோளாக ஓட வேண்டியதாயிற்று. பேச்சு எல்லாம் ஆகாயத்தோடுதான். "இங்க பள்ளம் இருக்கு" என்று இளையவள் விளக்குக் கம்பத்தைப் பார்த்துச் சொல்வாள். "பள்ளம் எனக்கும் தெரியுது" என்று மூத்தவள் தெருநாயிடம் சொல்வாள். நாய்க்கு ஒன்றும் புரியாது. டிரைவர் ஒரு முறை, "நீங்க ரெண்டு பேரும் பின்னாடி என்னம்மா அப்படிப் பேசிட்டு வர்றீங்க?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். சிரிக்காதவர்கள் அந்த இரண்டு பேர் மட்டும்.

பதினோரு ஞாயிறு இப்படிக் கழிந்தது. தோட்டத்தில் மூத்தவள் பின்சுவர் ஓரத்து அவரைப் பந்தலைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். குனிந்து வேலை செய்ய முடியாது. சாக்கு விரித்து உட்கார்ந்து கொடிகளைக் கம்பில் கட்டுவாள். அவள் போடும் முடிச்சு காற்றுக்கு அவிழாது. இளையவளே அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள், மூத்தவள் பார்க்காத நேரத்தில்.

பன்னிரண்டாவது ஞாயிறு. டயர்க்கடையைத் தாண்டும்போது ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மாள் ஒருத்தி நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மூத்தவள் மூச்சு வாங்கிக்கொண்டே அந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்: "தனியா விட்டுட்டுப் போறதுக்குன்னே சில பேரு பொறந்திருக்காங்க."

இளையவளுடைய கால்தான் பதில் சொல்லிற்று. கடைசியில் ஓடி ஓடி ஒன்றரை வருஷமாக அடக்கி வைத்த வேகம் எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. சாக்கடைப் பாலம், மரக்கடை, பள்ளிக்கூடத்து மதில் எல்லாம் பின்னால் போயின. பாலத்தைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நாயாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, திரும்பாமல் ஓடினாள்.

வாசலில் டிரைவர் சாவியோடு நின்றார். அவள் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை, சட்டையின் பச்சையைத்தான் பார்த்தார்.

"கடைசி வந்தாச்சா?"

"வந்தாச்சு" என்று வாய் சொல்லிவிட்டது. பழகிய வாய்.

"போலாம் ரைட்!"

எருக்குவியலிலிருந்து ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் எரு அள்ளிக் கீரைப் பாத்திக்குக் கொண்டுபோனாள். இரண்டு நடை ஆயிற்று. பல் டாக்டர் ஒருவர், கூட்டத்தில் புதுசு, "உங்ககூட வருவாங்களே அந்த அம்மா, காணோம்?" என்றார்.

"பின்னாடி பந்தல்கிட்ட இருப்பாங்க."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு பந்தல் பக்கம் கண்ணைத் திருப்பாமல் இருக்க முடியவில்லை. சாக்கு மடித்தபடியே இருந்தது. ஒரு கொடி கம்பை விட்டு நழுவித் தரையில் கிடந்தது. கோபித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். திரும்புகிற ஆளா அவள்? முழங்கால் தேய்ந்தாலும் தவழ்ந்தாவது வந்து சேர்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிற ஆள். மூன்றாவது நடையில் வண்டி பாத்திப் பக்கம் திரும்பவில்லை. வாசலைத் தாண்டித் தெருவில் உருண்டது. கையில் வண்டி இருப்பதே பள்ளிக்கூடத்து மதில் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அங்கேயே எருவைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியோடு ஓடினாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், மூடிக் கிடந்த டயர்க்கடைக் கதவில் சாய்ந்து மூத்தவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு செருப்பு கழன்று கிடந்தது. பள்ளத்தில் மடங்கிய கணுக்கால் வீங்கி, பாதம் பார்க்கக் கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தில் ரத்தம் இல்லை. ஆறு வருஷம் கழித்து முதல் பேச்சை அவள்தான் பேசினாள்.

"மூணு தடவ கூப்பிட்டேன்."

இளையவள் குனிந்து அந்தச் செருப்பை எடுத்தாள். "ஒரு தடவதான் கேட்டுச்சு அக்கா."

மூத்தவள் அவளையே பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள்.

"இதுலயா? குப்ப வண்டியா?"

"எரு வண்டி அக்கா."

"பெரிய வித்தியாசம். புடி, மெதுவா. ஐயோ, மெதுவாடி!"

வழியெல்லாம் ஒவ்வொரு கல்லுக்கும் மூத்தவள் பல்லைக் கடித்தாள். இளையவள் ஒவ்வொரு கல்லையும் முன்னாலேயே சொன்னாள். இந்த முறை கம்பத்திடம் அல்ல.

வாசலில் வேலை நின்றது. டிரைவர் ஓடி வந்தார். "என்னம்மா ஆச்சு? கடைசி வந்தாச்சுன்னு சொன்னீங்களே!"

மூத்தவள் வாயைத் திறப்பாள், ஊரைக் கூட்டி அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்வாள் என்று இளையவள் காத்திருந்தாள். இந்தத் தடவை சொன்னாலும் நியாயம். மூத்தவளோ கால்மேல் ஒட்டிய எருவைத் தட்டிக்கொண்டு சும்மா இருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள் இளையவள். "கூப்பிட்டாங்க. கேட்டுச்சு. திரும்பல."

யாரோ கார் எடுக்க ஓடினார்கள். அவள் பச்சைச் சட்டையைக் கழற்றி வேலிக்கம்பியில் மாட்டினாள். "அதெல்லாம் எதுக்கும்மா" என்று டிரைவர் இழுத்தார், ஆனால் எடுத்துத் திரும்பக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் அது பல் டாக்டர் உடம்பில் இருந்தது.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தகடு வைத்தார்கள். சர்க்கரை உடம்பு, தையல் போட்ட இடம் ஆறாமல் நீர் கசிந்துகொண்டே இருந்தது. பாதத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று முதலில் சொன்ன டாக்டர், பிறகு "பார்க்கலாம்" என்றார். மூத்தவளுடைய மகன் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவான். தினமும் பத்து மணிக்கு இளையவள் போய்க் குளிப்பாட்டி, கட்டு மாற்றி, சாப்பாடு வைத்துவிட்டு இரண்டு மணி ஷிப்டுக்குக் கிளம்புவாள். பேச்சு அதிகம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூத்தவள், "பந்தல்ல கொடி எடுத்துக் கட்டினியா?" என்று கேட்பாள்.

"கட்டினேன்."

"உன் முடிச்சு நிக்காது."

"நிக்கலதான். நீங்க வந்து கட்டுங்க."

மூத்தவள் காலைப் பார்த்துக்கொள்வாள்.

கிளம்புகிற நேரம்தான் இளையவளுக்கு எமன். கதவைச் சாத்திவிட்டு வாசல்படியில் நிற்பாள். உள்ளே ஊன்றுகோல் தட்டுகிற சத்தம் நாற்காலி வரைக்கும் போகிறதா என்று காது கொடுத்துக் கேட்பாள். மணி ஒன்றரை ஆகும், ஒன்று முப்பத்தைந்து ஆகும். கால் நகராது.

ஒரு நாள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னும் அங்கதான் நிக்கிறியா?"

"கிளம்பிட்டேன் அக்கா."

"பொய் சொல்லாத. கதவிடுக்குல நிழல் தெரியுது." ஊன்றுகோல் ஒரு முறை தரையில் தட்டியது. "போடி. நான் கூப்பிட மாட்டேன்."

எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று இளையவள் கேட்கவில்லை. படி இறங்கி, தெருமுனை வரைக்கும் காதைப் பின்னால் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். முனை திரும்பிய பிறகுதான் ஓடினாள்.