கம்பளி போர்த்திய தொட்டி

குன்னூரில் எங்கள் தெருவில் ஆளுக்கே ஹீட்டர் கிடையாது. நான் மீனுக்கு வாங்கினேன். தெருவே சிரித்தது, சிரிக்கட்டும் என்று விட்டேன். பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து என் மனைவிக்குக் கண்ணெதிரே இருந்தது ஈரம் பூத்த ஒரு சுவர்தான். நாள் முழுக்க அதையே பார்த்துக் கிடந்தாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று கோயம்புத்தூரில் வாங்கிவந்த அந்தக் கடல்மீனுக்கு ப்ளென்னி என்று பெயர். விரல் நீளம்தான் இருக்கும். வெப்பக்கடலின் பவளப்பாறைகளில், அடித்தரையோடு வாழ்கிற ஜாதி. மிதப்பதற்குக் காற்றுப்பை கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் நேராகக் கீழே போய்விடும். பாறைப் பொந்தில் உடம்பை நுழைத்துக்கொண்டு முகத்தை மட்டும் வெளியே நீட்டி அவளைப் பார்க்கும். தொட்டியைக் கட்டில் உயரத்துக்கே வைத்திருந்தேன்.

"என்னையாட்டமே எந்திரிக்காமக் கெடக்குதுங்க" என்று சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

போன ஆடிக் காற்றில் மரம் விழுந்து காலையிலேயே கரண்ட் போனது. ஹீட்டரும் நின்றது, காற்றுப் பம்பும் நின்றது. தண்ணீர் சில்லிட்டுக்கொண்டே வந்தது. குளிருக்கு இந்த ஊரில் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அவளுக்கு ஒரு கம்பளி போர்த்திவிட்டு, தொட்டியை இரண்டு கம்பளியால் இண்டு இடுக்கு விடாமல் சுற்றினேன். பம்பு ஓடாதபோது தண்ணீருக்கு மேலிருந்துதான் காற்று இறங்க வேண்டும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மத்தியானம் கூப்பிட்டாள். "ஏனுங்க, தொட்டிக்குள்ள என்னமோ சலசலங்குதுங்க."

"சூடு ஏறிருச்சில்ல, தெம்பா நீந்துது. தூங்கு புள்ள."

"அது நீந்தற சத்தமில்லீங்க. ஒருக்காத் தொறந்து பாருங்க."

"தொறந்தாக் குளுரு ஏறிரும். சும்மா இரு."

பிறகும் இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் சமையலறையிலிருந்து வரவில்லை.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் பிரித்தேன். மீன் மணலில் வாய் திறந்து புரண்டு கிடந்தது. மூச்சுக்காக மேலே ஏறி, அங்கே நிற்க முடியாமல் விழுந்து, மறுபடி மறுபடி ஏறியிருக்கிறது. அதை மத்தியானம் முழுக்க அவள் காதால் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். எழுந்து வந்து கம்பளியை இழுக்க அவளால் ஆகாது.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து எதற்கும் என்னைக் கூப்பிடுவதில்லை. தாகமெடுத்தாலும், படுக்கை நனைந்தாலும், நானாக வந்து கேட்கும்வரை பேசாமல் கிடக்கிறாள்.