என்ன வருத்தம்?

நான் வாய் திறந்தாலே, "வாத்தியாரம்மா மலையாளத்து ஆளா?" என்று கேட்கிறார்கள் கம்பம் ஊர்ப் பெண்கள். என் ஊர் யாழ்ப்பாணம், நானும் தமிழச்சிதான் என்றால் சிரிக்கிறார்கள், நம்புவதாகத் தெரியவில்லை. என் கணவர் இங்கே மிஷன் பள்ளியில் படிப்பிக்கிறார். நான் காலையில் கைக்குழந்தையோடு மிஷன் வைத்தியசாலைக்குப் போய்ச் சம்பளமின்றி உதவுகிறேன். வெள்ளைக்கார டாக்டரம்மாவுக்கு நோயாளிகளின் நோயைக் கேட்டுச் சொல்வது என் வேலை. தமிழ் தெரிந்தவள் என்றுதான் என்னை அதற்கு வைத்தார்!

மழை விட்டதும் மலைக்காய்ச்சல் பரவியது. பக்கத்துக் காமயகவுண்டன்பட்டியிலிருந்து செல்லாயி என்பவள் மகனை இடுப்பில் தூக்கி வந்தாள். பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. "பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது.

"இவனுக்கென்ன வருத்தம்? பெத்தவ நான் என்ன கொறை வச்சேன்னு கேக்குறீக?" என்றவள், மருந்து வாங்காமலே போய்விட்டாள்.

இந்த ஊரில் வருத்தம் என்றால் மனத்துயரம் மட்டுந்தானாம். அதை எனக்கு விளக்கியவர், இந்த ஊர்ப் பேச்சை அரைகுறையாகக் கற்றிருந்த அந்த வெள்ளைக்கார அம்மாதான். எங்கள் ஊரில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா நெற்றியில் கை வைத்து, "வருத்தம் மாறிட்டுதோ, குஞ்சு?" என்பா. கொத்தமல்லி அவியும் மணம் அடுக்களையிலிருந்து வரும். பாதி நோய் அந்தக் கையிலேயே இறங்கிவிடும். அதே சொல் இங்கே ஒரு தாயை விரட்டிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு ஏதேனும் ஆகிவிட்டால்? தேடிப் போகத்தான் வேண்டும். ஆனால் என் பிள்ளையைக் காய்ச்சல் வீட்டுக்குக் கொண்டுபோவதா, விட்டுப் போவதா? குழந்தையோடு மாட்டுவண்டியில் ஏறி, மனம் கேளாமல் இறங்கி, கடைசியில் குழந்தையை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டு, காய்ச்சலுக்கான கொயினா மருந்தோடு புறப்பட்டேன்.

"எங்கட ஊரில் காய்ச்சலைத்தான் வருத்தம் எண்டு சொல்லுவம்" என்றேன், செல்லாயியின் வீட்டு வாசலில் நின்று.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப மனசு நொந்தா?"

"அதுவும் வருத்தந்தான்."

"நல்ல ஊரு போங்க! ரெண்டுக்கும் ஒரே சொல்லு. மருந்தும் ஒண்ணுதானா?" என்று சிரித்தாள். கசப்பில் முகம் சுளித்த மகனின் வாயில் கருப்பட்டியைத் திணித்து, "முழுங்குலே, ஒன் வருத்தம் போகட்டும்" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிள்ளை தேறிவிட்டான். நேற்று வாழைப்பழத்தோடு அவனையும் கூட்டிவந்தாள். நான் என் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, மலைக்குப் பின்னால் எங்கோ இருக்கும் எங்கள் ஊர்க் கடலை நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

"என்ன தாயி, வருத்தமா?" என்றாள். பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "ஒங்க ஊரு வருத்தமா, எங்க ஊரு வருத்தமா?"

என் நெற்றியில் நானே கை வைத்துப் பார்த்தேன்.