மூன்றை அழுத்தினால் சித்தப்பா

சித்தப்பா கட்டாரிலிருந்து கொண்டுவந்த சாமான்களில், பேசாலையில் எங்கள் வீட்டு மரியாதையைக் கூட்டியது கோட்லெஸ் தொலைபேசிதான். கையில் எடுத்துக்கொண்டு கிணற்றடி வரை நடந்து கதைக்கலாம். அதற்கு ஞாபகசக்தியும் உண்டு. பத்துப் பேரின் இலக்கங்களை வைத்திருக்கும். உரிய பொத்தானை அழுத்திப் பிடித்தால் அதுவே அழைக்கும். பதியும் முறை எளிது: பதிவுப் பொத்தான், முழு இலக்கம், இடத்தின் எண், பிறகு 'கீ' என்று சத்தம் வரும்வரை காத்திருத்தல். காத்திருத்தல் சித்தப்பாவின் பழக்கத்தில் இல்லாததால் முதல் நாள் ஒன்றும் பதியவில்லை.

மறுநாள் பதிந்தது. ஒன்று, மரியாதைக்காகத் தேவாலயத்துப் பங்குச் சுவாமிக்கு. இரண்டு, முருங்கனில் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்த அப்பாவுக்கு. மூன்று, மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும்போது சித்தப்பா கொண்டுபோகும் கைபேசிக்கு.

சித்தி ஒரே நாளில் தேர்ச்சி பெற்றார். அம்மாவோ ஒவ்வொரு முறையும் முழு இலக்கத்தையும் வாய்க்குள் சொல்லி ஒவ்வொன்றாகத்தான் அழுத்துவார்.

"அண்ணி, இது கட்டார் போன். மாட்டு வண்டில் மாதிரி ஓட்டாதேங்கோ" என்பார் சித்தப்பா. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஒருநாள் பின்னேரம் காற்றுத் திடீரென்று மாறியது. கரைக்கு வந்த வள்ளங்களில் சித்தப்பாவின் வள்ளம் இல்லை. சித்தி தொலைபேசியை எடுத்து மூன்றை அழுத்தினார். சத்தமே இல்லை. காற்று கரண்டையும் கொண்டுபோயிருந்தது. கோட்லெஸ் தொலைபேசியின் அடிப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும் என்பது கையேட்டிலேயே எழுதியிருக்கும். எங்கள் வீட்டில் கையேட்டை எவரும் திறக்கவில்லை. சித்தி மூன்றை விடாமல் அழுத்திக்கொண்டே நின்றார். கடைசியில் அம்மாதான் அவரின் கையைப் பிடித்துச் சந்திக் கடைக்கு இழுத்துப்போனார். நான் பின்னால் ஓடினேன்.

கடைக்காரர் தன் கைபேசியை எடுத்துக்கொண்டு கேட்டார்: "நம்பரைச் சொல்லுங்கோ அக்கா."

"மூண்டு" என்றார் சித்தி.

"ஓம், மூண்டு. பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லைத் தம்பி. மூண்டை அமத்திப் பிடிச்சா அவர் கதைப்பார்."

கடையில் நின்ற ஒருவர் சிரிக்கத் தொடங்கி, சித்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அம்மா வெளியே கடலின் பக்கம் பார்த்தபடி, செபம் சொல்வதுபோல் சித்தப்பாவின் இலக்கத்தை முழுதாகச் சொன்னார்.

முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. சித்தி கடைக்காரரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் தடவை காற்றின் இரைச்சலுக்குள் சித்தப்பாவின் குரல் கேட்டது. தலைமன்னார்ப் பக்கம் கரையேறிவிட்டார்களாம். ஈரம் படாமல் பொலித்தீன் பைகளுக்குள் சுற்றி வைத்த கைபேசியை அவிழ்க்க இவ்வளவு நேரமாம்.

"இது ஆரின்ர நம்பர்? வீட்டுப் போனில மூண்டை அமத்தத் தெரியேல்லையோ?" என்றார்.

சித்தி அவரை ஏசிய ஏச்சில் கடையே சிரித்தது. ஏசி முடித்துத்தான் அழுதார்.

அடுத்த நாளிலிருந்து, இராச்சாப்பாட்டுக்கு முன் பெட்டியில் பதிந்த இலக்கங்கள் எல்லாவற்றையும் நான் பாடமாகச் சொல்ல வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டார். இவ்வளவு நாளும் சிரித்ததற்குத் தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன். பெட்டிக்குள் இருப்பதை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்களைத் தவறவிட்டியெண்டா ஆருக்கு அடிக்கச் சொல்லுவாய்?"

"நான் ஏன் உங்களைத் தவறவிடப் போறன்?"

"சரி, அப்பாவின்ர நம்பர்" என்றார் அம்மா.

சண்டைக் காலத்தில், என் வயதில் அம்மாவைத் தனியாக இந்தியாவுக்கு வள்ளம் ஏற்றி அனுப்பினார்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும். அதை வெறும் ஒரு பயணம் என்றே நினைத்திருந்தேன்.