உறவுக்கு ஒரே கட்டம்

நெய்வேலியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, அட்டையில் ஓட்டை போடுவது. சிரிக்காதீர்கள், அதற்குப் பெயர் பஞ்ச் ஆபரேட்டர். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அந்த ஓட்டைகளைத்தான் படிக்கும். தூசி புகுந்தால் மெஷின் மக்கர் செய்யும் என்று ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். ஷிப்ட் முடிகிறவரை எங்களுக்கு வெளிச்சமும் கிடையாது, காற்றும் கிடையாது.

சுரங்கத் தொழிலாளி குடும்பத்தில் ஆளுக்கு ஓர் அட்டை. பெயருக்கு எழுத்து, வயதுக்கு எண், உறவுக்கு ஒரே ஒரு கட்டம். அதிலும் எண்தான் விழ வேண்டும். மனைவி ஒன்று, மகன் இரண்டு, மகள் மூன்று, அப்பா நான்கு, அம்மா ஐந்து. தீர்ந்தது உலகம். அந்தக் கட்டத்தில் வேறு எதைப் போட்டாலும், வெறுமனே விட்டாலும், மெஷின் அட்டையைத் தனியே தள்ளிவிடும். அந்த ஆளுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வராது.

பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர் ஒருவர் அப்போதுதான் கான்ட்ராக்டிலிருந்து பெர்மனன்ட் ஆகியிருந்தார். அவருடைய படிவத்தில் ‘அண்ணன் மகள், வயது எட்டு’ என்று இருந்தது. அண்ணனும் அண்ணியும் காய்ச்சலில் போய்விட்டார்கள், கைக்குழந்தையிலிருந்து வளர்க்கிறார், பிள்ளைக்கு இழுப்பு என்று ஓரத்தில் யாரோ நுணுக்கி எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

நான் பெரிய தர்மப்பிரபு மாதிரி மூன்றை அடித்துத் தள்ளினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே! ஒருத்தி அடித்ததை இன்னொருத்தி படிவத்தைப் பார்த்துத் திரும்ப அடிப்பது எங்கள் அறை வழக்கம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் பூட்டிக்கொள்ளும்.

பூட்டிக்கொண்டது. பக்கத்து மெஷின்காரி கத்தினாள்: “ஏண்டி, தாள்ல அண்ணன் மகள்னு இருக்கு, நீ மூணு போட்டிருக்க. நான் எதைடி அடிக்கிறது? என் வேலையும் சேர்ந்து போகணுமா?”

மேலதிகாரி வந்து பார்த்தார். “மகள்னு மாத்தி எழுதி, அந்த ஆள்கிட்ட ‘நான்தான் அப்பன்’னு கைநாட்டு வாங்கிட்டு வாம்மா. இல்லேன்னா அட்டையை எடுத்துடு.”

ஆள் அனுப்பி அந்த வடக்குத்துக்காரரை வரச் சொன்னோம். மறுநாள் கவுன்டரில் சிறுமியோடு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“அது எப்படிங்க? எங்கண்ணனுக்குன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதாங்க. அதையும் நானே புடுங்கிக்கினா நல்லாவா இருக்கும்?”

“கைநாட்டு வைக்கிறதுன்னா வையுங்க, இல்லேன்னா போங்க” என்று எரிந்து விழுந்தேன். கோபம் அவர்மேல் இல்லை. அந்தப் பாழாய்ப்போன கட்டத்தின்மேல், அதைவிட்டு நகர வழியில்லாத என்மேல். பிள்ளையின் நெஞ்சு விசில் மாதிரி கத்திக்கொண்டிருந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கட்டைவிரலை நீட்டினார்.

மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே அவளிடம் குனிந்தார். “யாரு கேட்டாலும் இனிமே என்னை அப்பான்னுதான் சொல்லணும். சித்தப்பான்னு சொல்லக் கூடாது. தெரிஞ்சுதா?”

அவள் யோசித்தாள். “அப்ப சித்தப்பாவும் செத்துப்பூட்டாரா?”

நான் உள்ளே வந்து அழுதேன், கைநாட்டு நனைந்துவிடாமல் படிவத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு.