இலையான் வந்திட்டுது

தம்பியை வீட்டுக்குள் அடைத்து வைக்கத்தான் நாங்கள் டீவி வாங்கினோம். எனக்கு அந்தப் பெட்டியில் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. என் வீட்டுக்காரருக்குச் செய்தி கேட்டால் போதும், அதற்கு ரேடியோ இருந்தது. ஆனால் வளர்ந்த பொடியனைச் சண்டை நடக்கிற எங்கள் ஊர் கிளிவெட்டியில் வைத்திருக்க ஏலாது என்று அம்மா அவனை என்னிடம் அனுப்பிவிட்ட பிறகு, பகல் முழுக்க அவனை என்ன செய்வது என்பது என் தலைவலியாகிவிட்டது. காலையில் எழும்பி முன்கதவுவரை நடப்பான். திரும்பிக் குசினிவரை வருவான். மறுபடியும் முன்கதவு. நான் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன், அவனுடைய செருப்புச் சத்தம் என் மண்டைக்குள் நடக்கும்.

அவனை வெளியே விடவும் முடியாது. திருகோணமலையில் அந்த வயதில் ஒருவன் சந்திக்குப் போய்ப் பாண் வாங்கி வருவதென்றாலே ஆமிக்கு அடையாள அட்டையை நீட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அட்டையில் கிளிவெட்டி என்று இருந்தால், "இங்க ஏன் வந்தனீ?" என்று தொடங்குவார்கள். அந்தக் கேள்விக்கு யாராவது சரியான பதில் சொல்லித் தப்பியதாக நான் கேள்விப்படவில்லை.

வீடும் வாய்த்தது அப்படி. துறைமுகப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. பின்வளவைத் தாண்டினால் ஒடுங்கிய ஒழுங்கை, ஒழுங்கையைத் தாண்டினால் ஆமி முகாமின் பெரிய மதில், மதிலின் மேல் மண்மூட்டை அடுக்கிய காவலரண். அதற்குள் ஒரு துவக்கும் ஒரு தலையும் எந்த நேரமும் தெரியும். அந்தப் பக்கத்து ஜன்னல்களை என் வீட்டுக்காரர் ஆணி அடித்தே மூடிவிட்டார். உலகத்திலேயே பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்களுடையது என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியவள் நான். அதன் பக்கத்தில் குடியிருந்த அத்தனை காலமும் அதன் தண்ணீரை நான் பார்க்கவில்லை.

பாலையூற்றில் ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனபோது விட்டுப்போன கறுப்பு வெள்ளை டீவி அது. கூடவே அன்ரனாவும் நீளமான இரும்புக் குழாயும் வந்தன. தம்பியும் வீட்டுக்காரருமாகக் குழாயைக் குசினிச் சுவரோடு நிறுத்தி, கம்பியால் கட்டி, கையால் திருப்பக்கூடிய மாதிரி வைத்தார்கள். எங்களுக்குப் படம் வருவது மலைநாட்டில் ஏதோ ஒரு உச்சியில் நின்ற கோபுரத்திலிருந்து. அவ்வளவு காட்டையும் வயலையும் தாண்டி வந்து சேரும்போது அதற்கும் களைத்துப்போகும் போலும். படத்தை விடப் புள்ளிதான் அதிகம். திரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக மொய்க்கும். முதல் நாளே என் வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்து, "இதென்னப்பா, மீன் சந்தை மாதிரி இலையான் மொய்க்குது?" என்றார். ஈயைத்தான் எங்கள் பக்கத்தில் இலையான் என்போம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் புள்ளிக்குப் பெயர் இலையான்.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அன்ரனா ஒரு பக்கமாக நிற்காது. பின்னேரம் தமிழ்ச் செய்திக்கு முன்னால் அதை நேராக்குவதே ஒரு வேலை. தம்பி பின்வளவில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இவர் டீவிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார்.

"இலையான் வந்திட்டுது! மற்றப் பக்கம் திருப்பு!"

"இப்ப எப்பிடி அத்தான்?"

"போகுது, போகுது… போட்டுது! அசையாத, அப்பிடியே நில்! ஐயோ, திரும்ப வந்திட்டுது!"

எனக்கு எரிச்சலாக வரும். இரண்டு பேரும் ஏதோ கப்பல் ஓட்டுகிற மாதிரி! ஆனால் நிற்பாட்ட மனம் வராது. படம் சரியாக வந்த பிறகும் தம்பி உள்ளே வராமல், "சரியா அத்தான்? வடிவாப் பாருங்கோ," என்று இழுத்துக்கொண்டு நிற்பான். தலைக்கு மேல் வானம் இருக்கிற இடம் அவனுக்கு அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். செய்தி முடியும்வரைகூட அவன் அங்கேயே நிற்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அப்படி நின்ற ஒரு பின்னேரத்தில்தான் ஆமிக்காரர் வந்தார்கள். முன்பக்கத்தாலும் பின்பக்கத்தாலும் ஒரே நேரத்தில். குழாயை ஆட்டிப் பார்த்தார்கள், அலுமாரியைக் கொட்டிப் பார்த்தார்கள், டீவியின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படாத கோபத்தில் தம்பியை உடுத்த சாரத்தோடு இழுத்துக்கொண்டு போனார்கள். நான் ஜீப்புக்குப் பின்னால் ஓடினேன். ஒழுங்கை முடக்கில் துவக்கைக் குறுக்கே பிடித்து மறித்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் அப்படிக் கொண்டுபோனவர்களில் சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை. ஏன் வந்தார்கள், ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது. எனக்கு என் தம்பி உயிரோடு திரும்பி வர வேண்டும். வேறு எதுவும் வேண்டாம் என்று கோயிலில் கோணேசரிடமும் கேட்டேன், முகாம் வாசலில் நின்றவனிடமும் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் பேசாமல் இருந்தார்கள்.

நாள்தோறும் போய் முகாம் வாசலில் நின்றேன். ஒரு நாள் அந்த முகாமுக்குப் பெரியவரான அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"இளையான் எங்கே?"

"எந்த இளையான், சேர்?"

"ஒவ்வொரு நாளும் உங்க வீட்டுக்கு வாறான். உங்க மாத்தயா, புருசன், கத்துறார், இளையான் வந்துட்டான், இளையான் போயிட்டான். அந்தத் தம்பி கம்பத்தைத் துறைமுகத்துக்குத் திருப்புறான். மேலே காவலில் இருக்கிற ஆள் எல்லாம் கேட்டான்."

யாரோ ஒரு இயக்கக்காரனைத்தான் தேடுகிறார் என்று மட்டும் விளங்கியது. அப்படி ஒருவரையும் தெரியாது என்று அழுது சத்தியம் பண்ணினேன். அவர் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் சொந்தத்திலும் தான் வேலை செய்த கந்தோரிலும் உள்ள இளையவன், இளையதம்பி எல்லாரையும் யோசித்துப் பார்த்தார். எங்களுக்கு விளங்கவேயில்லை. பயம் வந்தால் மூளை வேலை செய்யாது என்பதற்கு நாங்கள் இரண்டு பேரும் நல்ல சாட்சி.

கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு ராத்தா. கிண்ணியாவிலிருந்து வந்து குடியிருந்த முஸ்லிம் மனுசி. வேலியால் எட்டிப் பார்த்து நான் அழுகிற காரணத்தைக் கேட்டவர், நான் சொல்லி முடிக்கமுதல் குறுக்கே விழுந்தார்.

"என்ன புள்ள கதைக்கிறீங்க? உங்கட வூட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் டீவிக்கு முன்னால குந்திக்கிட்டு கத்துறது எங்கட வூட்டுக்கும்தானே கேக்குது. இலையான், இலையான் எண்டு!"

இவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். ல வும் ள வும் சிங்களக் காதுக்கு ஒன்றுதான். தமிழ் படித்த பிள்ளைகளே பிழைவிடுகிற எழுத்தில் என் தம்பி போய் மாட்டிக்கொண்டானே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதே நேரம் சொல்லக் கூசுகிற ஒரு சந்தோசமும் வந்தது. பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது, இனிச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன்.

மறுநாள் முகாமில் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "இலையான் எண்டால் மெஸ்ஸா, சேர். ஈ. டீவியில வாற ஈ," என்றேன். தன்னை நக்கலடிக்கிறேன் என்று நினைத்து அவர் மேசையில் அடித்தார். நான் விடவில்லை. வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். பொய் சொல்கிறவள் இவ்வளவு கேவலமான பொய் சொல்ல மாட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, பின்னேரம் ஒரு சிப்பாயோடு வந்து இறங்கினார்.

இவர் டீவியைப் போட்டார். கடவுளே, அன்றைக்குப் பார்த்துக் கண்ணாடி மாதிரிப் படம்! கச்சான் காற்று அடங்கி, ஓர் இலைகூட அசையாத பின்னேரம். ஒரு பெண் சிங்களத்தில் செய்தி வாசித்தாள், அவளுடைய காதுத் தோடுகூடத் தெரிந்தது. வாங்கிய நாளிலிருந்து நாங்கள் அப்படி ஒரு படம் பார்த்ததில்லை.

"எங்கே உன் ஈ?" என்றார் பெரியவர்.

எனக்கு அந்தப் பெண்ணின் மூஞ்சியில் அறைய வேண்டும் போல இருந்தது. குழாயைத் திருப்பினால் வரும் என்று இவர் எழும்பினார். பெரியவர் அவரை இருத்திவிட்டுச் சிப்பாயை அனுப்பினார். அவன் திருப்பினான். செய்தி வாசித்தவள் வளைந்தாள், நெளிந்தாள், பிறகு மொய்த்தது பாருங்கள், திரை கொள்ளாத இலையான்! பெரியவர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பிறகு அவருக்கே அந்த விளையாட்டுப் பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் திருப்பு என்று சிங்களத்தில் கத்தினார். "ஆவாத?" வந்ததா என்று பின்வளவிலிருந்து சிப்பாய் கேட்டான். "ஆவா! ஆவா!" வந்தது, வந்தது என்று இவர் கத்தினார். இப்போது இப்படிக் கத்துகிற உங்கள் ஆட்களை ஆர் பிடிக்கிறது என்று மனதுக்குள் கேட்டேன். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சிரிக்கத்தானே வேண்டும்.

சிரிப்பு அடங்கியதும் அவர் என்னைப் பார்த்து, "அப்ப உன் தம்பி ஏன் 'நான்தான் இளையான்' எண்டு சொன்னான்?" என்றார்.

ஏன் சொன்னான் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, நாளைக்கு வந்து கூட்டிப்போ என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டி வந்தேன். கையில் மூன்று விரல் வீங்கியிருந்தது. எதைக் கேட்டாலும், "ஒண்டுமில்லை அக்கா," என்றான். குளிக்க வார்த்தேன், முதுகைப் பார்த்துவிட்டுக் கிணற்றடியிலேயே நின்று அழுதேன். அவன் அழவில்லை. முன்கதவுவரை நடக்கவும் இல்லை. உள்ளறையில் சுவரோடு சாய்ந்து இருந்தான். எந்த நடைச் சத்தம் எனக்கு எரிச்சலூட்டியதோ, அதைக் கேட்க மாட்டேனா என்று ஏங்கினேன்.

இரண்டொரு நாளில் மூன்று பேருமாக மத்தியானம் சாப்பிட இருந்தோம். அவனுக்குப் பிடிக்கும் என்று பாரை மீன் குழம்பு வைத்திருந்தேன். வீங்கிய விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பிசைந்து சாப்பிட்டான். இரண்டாம் தரமும் சோறு போடச் சொன்னான். எனக்கு நெஞ்சு ஆறியது. இவர் குழம்புச் சட்டியைப் பார்த்து, "இஞ்சரப்பா, இலையான்! மூடிவிடும்," என்றார்.

தம்பி எழும்பி நின்றான். கையில் சோற்றோடு, தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், சேர்," என்றான்.

இவர் பதறிப்போய்ப் பிளேட்டைத் தள்ளிவிட்டு எழும்பினார். "தம்பி, உன்னை இல்லையடா," என்றார். அவன் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் அப்படியே நின்றான். இவர் தோளைத் தொட்டு "இரு" என்று சொல்லும்வரை அவன் உட்காரவில்லை.