தொண்ணூற்றாறுக்கு மேலே பதினாறு

மஹ்ஜபீன் மஸ்கட்டுக்குப் புறப்பட்டது 2022 நவம்பர் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை. பூந்தமல்லியில் காலையிலிருந்தே தூறல். வாசலில் நின்ற காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கள்ளிக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ரேணுகா, வீடு நிறைய உறவுக்காரர்களைப் பார்த்ததும் உள்ளே போகக் கூச்சப்பட்டு, செருப்பு விடும் இடத்திலேயே நின்றுவிட்டாள். மஹ்ஜபீனே எழுந்து வந்து அவள் கையில் ஒரு பென் டிரைவை வைத்து, விரல்களை மூடினாள்.

“எல்லாம் இதுல இருக்குக்கா. பக்கம்லாம் பூட்டியாச்சு, இண்டெக்ஸும் போட்டாச்சு. இனிமே நடுவுல ஒரு பக்கம்கூடச் சேக்காதீங்க. உங்களால சும்மா இருக்க முடியாது, எனக்குத் தெரியும்.”

“சேக்க மாட்டேம்மா. நீ நிம்மதியா போ.”

“அத்தா, உங்களுக்கும்தான். அக்கா கேட்டா உடனே தலையாட்டாதீங்க.”

பின்னால் நின்ற அவள் அப்பா நஜீர் உடனே தலையாட்டினார்.

நஜீருக்குப் பூந்தமல்லியில் சின்ன அச்சகம். பில் புக், கல்யாணப் பத்திரிகை, பைண்டிங். மகள் கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பாள், அப்பா அச்சடித்துத் தைப்பார். ஆயிரம் பக்கத்தில் ஒரு புத்தகம் அந்தக் கடைக்கு அதற்குமுன் வந்ததில்லை. நான்கு வருடம், ஞாயிறு தவறாமல் ரேணுகா மஹ்ஜபீன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு ரம்ஜானுக்கு நஜீர் மனைவி, “ஸ்டூலயும் ஊட்டுக்கு எடுத்துகினு போயிடு ரேணுகா, உன் பேரு எழுதியாச்சு” என்றாள்.

ரேணுகா அம்பத்தூர் எஸ்டேட்டில் பேரிங்கும் ஆயில் சீலும் விற்கும் கடையில் இருபத்துநான்கு வருடமாகக் கவுன்ட்டரில் நிற்பவள். வருகிறவர்கள் பெரும்பாலும் மெக்கானிக்குகள். தேய்ந்துபோன ஒரு துண்டை நீட்டி, “இதே மாரி ஒண்ணு குடுக்கா” என்பார்கள். அதில் இருந்த எண் எப்போதோ அழிந்திருக்கும். ரேணுகா வெர்னியரை வைத்து உள்ளளவு, வெளியளவு, தடிமன் மூன்றையும் பார்ப்பாள். முப்பத்தைந்து, ஐம்பத்திரண்டு, ஏழு. அந்த மூன்று எண்ணும் கிடைத்துவிட்டால், அது எந்தெந்த மெஷினில் வரும், அது இல்லாவிட்டால் எதைப் போடலாம் என்பதெல்லாம் அவள் வாயிலிருந்து வரும். வந்ததையெல்லாம் நோட்டில் எழுதியும் வைத்தாள். பதினொரு லாங் சைஸ் நோட்டு. கடை மூடிய பிறகும் போன் ஓயவில்லை. “புக்கா போட்டுட்டா அவனவன் பாத்துக்குவான். நான் சோறு துன்ன வேணாவா?” என்று புருஷன் கோவிந்தனிடம் சொன்னதுதான் ஆரம்பம்.

புத்தகத்தில் மெஷின்கள் அகர வரிசையில் இருந்தன. ஆனால் கையில் தேய்ந்த சீல் மட்டும் இருப்பவனுக்கு மெஷினின் பெயரை வைத்து என்ன பயன்? அவனுக்கு அளவுதான் வழி. அதனால் கடைசி எழுபத்திரண்டு பக்கமும் அளவு அட்டவணை. அளவைத் தேடினால் பக்க எண் கிடைக்கும். அதைத்தான் மஹ்ஜபீன் இண்டெக்ஸ் என்றாள்; ஒவ்வொரு எண்ணாகக் கையால் அடித்தாள். அது சரியாக இல்லாவிட்டால் மீதிப் பக்கங்கள் பழைய பேப்பர்காரனுக்குத்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

ரேணுகா முதலில் பதிப்பகங்களுக்கும் போய்ப் பார்த்தாள். ஒருவர் நோட்டைப் புரட்டிவிட்டு, “இதுல வாக்கியமே இல்லியேம்மா” என்றார். இன்னொருவர் இருநூறு பக்கமாகச் சுருக்கச் சொன்னார். எந்த எண்ணூறு பக்கத்து மெஷின் ஓடாமல் நிற்கலாம் என்று அவர் சொல்லவில்லை. கடைசியில் சீட்டு எடுத்துச் சொந்தமாகப் போடுவது என்று முடிவாயிற்று. புரூஃப் பார்க்க ஆள் கிடைக்காமல், டெம்போ ஓட்டிவிட்டு வரும் கோவிந்தனை உட்கார வைத்தாள். அவர் எண்களை ஏலம் விடுகிற குரலில் படிப்பார். நூறு எண்ணுக்கு ஒருமுறை கண் அசந்துபோவார்.

மஹ்ஜபீன் போன மூன்றாவது வாரம், அச்சடிக்கப் பேப்பர் வரக் காத்திருந்தபோது, வேப்பம்பட்டு வேலுசாமி கடைக்கு வந்தான். மாவு மில், பம்ப்செட் எல்லாம் பிரிக்கிற மெக்கானிக். கையில் பேட்டரி ஆட்டோவின் பேரிங்.

“புக்கு போட்டுகினு கீறியாமே. இது கீதா அதுல?”

ரேணுகா யோசித்தாள். பேட்டரி ஆட்டோ இல்லை.

“இன்னாக்கா, ஆயிரம் பக்கம்ன்ற. ரோட்டுல ஓடறது இல்ல, மியூசியத்துல நிக்கறதெல்லாம் கீது!”

அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. மறுநாளே ஆவடி, அம்பத்தூர் என்று ஆட்டோ ஸ்டாண்டுகளுக்கும் பட்டறைகளுக்கும் அலைந்து அளவெடுக்க ஆரம்பித்தாள். பத்து பக்கத்துக்கு விஷயம் தேறியது. நஜீரிடம் போனாள்.

“பத்துலாம் ஆவாது ரேணுகாம்மா. பதினாறு பக்கம் ஒரு பாரம். மடிச்சுத் தைக்கறது பாரம் பாரமா. பதினாறா குடு, சேத்துடலாம்.”

“மஹ்ஜபீன் ஒரு பக்கம்கூடச் சேக்கக் கூடாதுன்னாளே பாய்?”

“ஆமா, ஒரு பக்கம் சேத்தா பாரம் ஒடஞ்சுடும். முழு பாரம்னா இன்னா கெட்டுப்போச்சு?”

நாற்பது வருடம் புத்தகம் தைத்தவருக்கு மகளின் எச்சரிக்கை அப்படித்தான் விளங்கியிருந்தது. அவர் சொல்லக் கேட்டதும் ரேணுகாவுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அவள் பதினாறு பக்கம் தேற்றினாள். பெரிய அட்டவணையைத் தொடுவது மஹ்ஜபீனுக்குக் கொடுத்த வாக்குக்கு விரோதம் என்று, புதிய அளவுகளை அந்தப் பதினாறின் கடைசிப் பக்கத்திலேயே தனி அட்டவணையாகப் போட்டுக்கொண்டாள்.

எங்கே சேர்ப்பது என்ற கேள்வி வந்தது. “கடைசில வெச்சுடவா?” என்று நஜீர் கேட்டார். ரேணுகா மறுத்துவிட்டாள். கடையில் புதுச் சரக்கு வந்தால் அதனதன் ரேக்கில்தான் வைக்க வேண்டும், காலியாக இருக்கிற மூலையில் வைப்பவன் ஸ்டோர்கீப்பரே இல்லை என்று பழகியவள். ஆட்டோ, ஆட்டோவுக்குப் பக்கத்தில்தான். பார்த்தால், பழைய ஆட்டோக்கள் முடிந்தது தொண்ணூற்றாறாம் பக்கத்தில். கச்சிதமாக ஆறு பாரம்.

“பாத்தியா, அதுவே எடம் உட்டு வெச்சிருக்குது” என்றார் நஜீர்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று மார்ச்சில் ஐந்நூறு பிரதியும் வந்திறங்கின. ஒவ்வொன்றும் செங்கல்லைவிடப் பெரிது. கட்டிலுக்கு அடியில், பீரோ மேல், சமையலறை வாசல் வரை அடுக்கியாயிற்று. இரண்டாம் பக்கத்தில், ‘பக்க அமைப்பும் அளவு அட்டவணையும்: மஹ்ஜபீன் நஜீர்’ என்று தனி வரியில் போட்டிருந்தாள். முதல் பிரதியைக் கடைக்கு எடுத்துப்போய் வேலுசாமியை வரச் சொன்னாள். பேட்டரி ஆட்டோவைக் காட்டி வாயடைக்க வேண்டும் என்றிருந்தது. அவனோ ஒரு மாவு மில் சீலோடு வந்தான். நல்லதாகப் போயிற்று என்று அட்டவணையைத் திறந்தாள். நாற்பத்தைந்து, அறுபத்திரண்டு, எட்டு. பக்கம் அறுநூற்றுப் பதினொன்று. திறந்து அவன் பக்கம் திருப்பினாள்.

வேலுசாமி குனிந்து படித்தான். “யக்கா, மாவு மில்லு கேட்டா மசாஜ் நாற்காலி காட்டற. குந்திகினு போவச் சொல்றியா?”

அவள் இன்னொரு அளவைத் தேடினாள். அதுவும் தப்பு. பத்து அளவு தேடிய பிறகுதான் கணக்குப் பிடிபட்டது. மாவு மில் இருந்தது அறுநூற்று இருபத்தேழில். எல்லாமே பதினாறு தள்ளியிருந்தன. நடுவில் பக்கம் சேர்த்ததும் பின்னால் வரும் பக்க எண்களைக் கம்ப்யூட்டர் தானாக மாற்றியிருந்தது; கையால் அடித்த அட்டவணை மாறவில்லை. தொண்ணூற்றாறு வரைக்கும் சரி, அதற்குமேல் ஒன்றுகூடச் சரியில்லை. மஹ்ஜபீன் எதற்காகச் சொன்னாள் என்பது கவுன்ட்டரில் நின்றபடியே விளங்கியது.

“நம்ம பொண்ணுக்குத் தெரிஞ்சா என்ன துன்னுடுவா” என்று நஜீர் தலையில் கை வைத்தார். அட்டவணையை மட்டும் பிரித்து மாற்றலாம் என்றால், தைத்துக் காலிகோத் துணி ஒட்டிய புத்தகம். பிரித்தால் முதுகு போய்விடும். திருத்தத் துண்டு ஒட்டலாம் என்றார். கிரீஸ் கையில் துண்டு இரண்டு நாள்கூட நிற்காது என்று ரேணுகா சொல்லிவிட்டாள்.

அவளுக்குத் தெரிந்த வழி ரப்பர் ஸ்டாம்ப். ‘பக்க எண் 96க்கு மேல் என்றால் 16 கூட்டவும்.’ அட்டவணையை எங்கே விரித்தாலும் கண்ணில் படும்படி ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம், தலைப்பில். பிரதிக்கு முப்பத்தாறு. ஐந்நூறுக்குப் பதினெட்டாயிரம். ஸ்டாம்ப் செய்பவரிடம் இரண்டாவதாகவும் ஒன்று செய்யச் சொன்னாள். அது இரண்டாம் பக்கத்தில், மஹ்ஜபீன் பெயருக்குக் கீழே: ‘அட்டவணை சரி. பிறகு நடுவில் பக்கம் சேர்த்தது என் பிழை. – கோ. ரேணுகா.’

ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. நஜீரும் வந்து உட்கார்ந்தார். ஒருவர் புரட்ட, ஒருவர் குத்த. “ஆதார் அட்டைக்குக்கூட இவ்ளோ சீல் குத்தல” என்பார் கோவிந்தன். சொல்லிவிட்டு அவரும் நூறு பிரதி குத்தினார். முடிய ஆகஸ்ட் ஆயிற்று. அதற்குள் மஹ்ஜபீன் நான்கு முறை கேட்டுவிட்டாள்: “அக்கா, எனக்கு ஒரு புக்கு எப்போ?” ஸ்டாம்பில் தைரியமாக எழுதியதைப் போனில் சொல்ல ரேணுகாவுக்கு வாய் வரவில்லை. யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன் என்றாள். யார் யாரோ போனார்கள், வந்தார்கள். பிறகு மஹ்ஜபீன் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

விற்பனை மெதுவாகத்தான் நடந்தது. வேலுசாமி வாங்கினான். “புக்கு வாங்கினா கணக்கும் கத்துத் தர்றாங்க” என்று அவன் ஊரெல்லாம் சொன்னதில் வேறு சிலர் வாங்கினார்கள். ஐந்நூறில் முந்நூற்றுப் பன்னிரண்டு போயின. கட்டிலுக்கு அடியில் காற்று வர ஆரம்பித்தது. ஆனால் வாங்கியவர்கள் புத்தகத்தைத் திறக்கிறார்களா, கிடைக்கவில்லை என்று மூலையில் போட்டுவிட்டார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. போன் வருவது குறைந்திருந்தது. அதை எந்தக் கணக்கில் வைப்பது?

2025 செப்டம்பரில் ஒரு மத்தியானம், கடையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபோது போன் சத்தமிட்டது. வாட்ஸ்அப்பில் மஹ்ஜபீன். முதலில் ஒரு படம்: கிரீஸ் படிந்த இரண்டாம் பக்கம், விரல் ரேகையோடு. அதற்குக் கீழே:

“அக்கா, எங்க பில்டிங்ல தண்ணி மோட்டார் ரிப்பேர். ரெடி பண்ண வந்தவர் முஸ்தகீம்னு ஆவடிக்காரர். பையிலேருந்து நம்ம புக்க எடுத்தாரு. சீல அளந்தாரு, இண்டெக்ஸ்ல ஒரு நம்பரப் பாத்தாரு, நேரா சரியான பக்கத்துக்குப் போயிட்டாரு. ஸ்டாம்பக்கூடப் பாக்கல, பதினாறு அவரே கூட்டிக்கறாரு. பழகிப்போச்சாம். என் பேருக்குக் கீழ எழுதியிருக்கறதையும் படிச்சேன். அடுத்த பதிப்புக்கு ஃபைல அனுப்புங்க, நான் போட்டுத் தரேன். இந்த வாட்டி நீங்களும் அத்தாவும் கிட்ட வரக் கூடாது.”